ரஜபிலேயே தொடங்க வேண்டிய தயாரிப்பு: நீரிழிவும் ரமளான் நோன்பும்

ஷஃபான் பிறை தென்பட்டுவிட்டால் நம் ஊர் பள்ளிவாசல்களில் வேலை சூடு பிடித்துவிடும். கஞ்சிக்கு நாள் எடுப்பவர்களின் பட்டியல் தயாராகும். தராவீஹ் தொழ வைக்கும் ஹாஃபிழுக்கு ஏற்பாடு நடக்கும். ஸஹர், இஃப்தார் நேர அட்டை அச்சாகி வீடு வீடாகப் போகும். இவ்வளவு செய்கிற ஜமாஅத்தில், சர்க்கரை நோயாளிகள் எப்படி நோன்பு வைக்கப் போகிறார்கள் என்ற பேச்சு மட்டும் பெரும்பாலும் எழுவதில்லை. அந்தக் கேள்வி முதல் தராவீஹ் முடிந்த இரவில்தான் இமாமிடம் வரும். "ஹஜ்ரத், காலையில போடுற மாத்திரைய எப்பப் போடணும்? ஊசி போட்டா நோன்பு முறியுமா?" ஸஹருக்கு அப்போது ஏழு மணி நேரம்தான் மீதி இருக்கும்.

மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றி, அது உடம்புக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கச் சில வாரங்கள் தேவை. சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு, நீரிழிவும் ரமளானும் குறித்துப் பணியாற்றும் சர்வதேச மருத்துவர் கூட்டணியுடன் சேர்ந்து 2016இல் ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டது. 2021இல் அது புதுப்பிக்கப்பட்டது. ரமளானுக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று அது சொல்கிறது. நம் நாட்காட்டியில் அது ரஜப் மாதம். ஆகவே பள்ளிவாசலில் விழிப்புணர்வு பயானோ முகாமோ வைப்பதென்றால், ரஜபின் ஜும்ஆக்களில் வைத்தால்தான் பயன். ரமளானின் முதல் வாரத்தில் பேனர் கட்டி நடத்தும் முகாமில் புகைப்படம் நன்றாக வரும். நோயாளிக்குக் கிடைப்பது குறைவு.

இந்த விஷயத்தை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இமாமத்தின் ஆரம்ப ஆண்டுகளில் ஒரு பெரியவர் நம்மிடம் இன்சுலின் ஊசி பற்றிக் கேட்டார். நோன்பு முறியாது என்பதுதான் ஓதியதும் சொல்லியிருக்க வேண்டியதும். ஆனால் அதோடு நிறுத்தாமல், "பேணுதலுக்காக இஃப்தாருக்குப் பிறகு போட்டுக்கொள்ளுங்கள்" என்று ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லிவிட்டோம். அவர் காலை ஊசியை அடியோடு நிறுத்திவிட்டார். டாக்டரிடம் சொல்லவில்லை. பத்தாவது நோன்பு வாக்கில் சர்க்கரை தாறுமாறாக ஏறி, நாக்கு வறண்டு, நினைவு தடுமாறிய நிலையில் மருத்துவமனையில் சேர்த்தார்கள். அல்லாஹ் காப்பாற்றினான், அல்ஹம்துலில்லாஹ். அவருடைய மகன் நம்மிடம் கோபப்படவில்லை. "ஹஜ்ரத் சொன்னதாத்தான் அத்தா சொன்னாங்க" என்று மட்டும் சொன்னார். பேணுதல் என்ற சொல்லை எங்கே பயன்படுத்துவது என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டோம்.

ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு சம்பவம் அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. பயணத்தில் ஒருவருக்குத் தலையில் கல் பட்டுக் காயம். அந்த நிலையில் அவருக்குக் குளிப்பு கடமையாகிவிட்டது. தயம்மும் செய்யச் சலுகை உண்டா என்று உடனிருந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது சலுகை இல்லை என்றார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி நபி (ஸல்) அவர்களுக்கு எட்டியபோது, சொன்னவர்கள்தாம் அவரைக் கொன்றுவிட்டார்கள் என்று கடுமையாகக் கண்டித்ததோடு, தெரியாதவர்கள் கேட்டிருக்க வேண்டாமா என்றும் கூறினார்கள். ஃபத்வா சொல்லும் இடத்தில் இருப்பவர்கள் அடிக்கடி நினைவில் கொள்ள வேண்டிய ஹதீஸ் இது.

நிலைமை எவ்வளவு பெரியது?

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. வயது வந்தவர்களில் இது 11.4 சதவீதம். நீரிழிவுக்கு முந்தைய கட்டத்தில் இருப்பவர்கள் இன்னும் 13 கோடிக்கு மேல். நம் மஹல்லாவில் ஜும்ஆ ஸஃப்ஃபில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களை ஒரு பார்வை பார்த்தால், இந்தக் கணக்கு எங்கோ நடப்பதல்ல என்று புரியும்.

இவர்கள் நோன்பை விடுகிறார்களா என்றால், பெரும்பாலோர் விடுவதில்லை. 2001இல் இந்தியா உட்பட 13 நாடுகளில் 12,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் நீரிழிவு நோயாளிகளிடம் நடத்தப்பட்ட எபிடியார் ஆய்வு இத்துறையில் முன்னோடி. அதன்படி, டைப் 2 எனப்படும் பரவலான வகை நீரிழிவு உள்ளவர்களில் சுமார் 79 சதவீதம் பேர் குறைந்தது 15 நாட்கள் நோன்பு வைத்திருந்தார்கள். சிறுவயதிலேயே வரும், இன்சுலின் இல்லாமல் வாழ முடியாத டைப் 1 வகையிலும் 43 சதவீதம் பேர் வைத்திருந்தார்கள். மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குச் சர்க்கரை இறங்கும் நிகழ்வு, மற்ற மாதங்களோடு ஒப்பிட்டால் டைப் 2 நோயாளிகளிடம் ஏழரை மடங்கும், டைப் 1 நோயாளிகளிடம் ஏறத்தாழ ஐந்து மடங்கும் கூடியிருந்தது. நோன்பு வைத்த எல்லாருக்கும் இப்படி ஆகிவிடவில்லை. பெரும்பாலோர் நலமாகவே முடித்தார்கள். யாருக்கு ஆபத்து, யாருக்கு இல்லை என்று முன்கூட்டியே பிரித்துப் பார்ப்பதுதான் இங்கே தேவைப்படும் வேலை.

யார் வைக்கலாம், யார் விட வேண்டும்

உணவுக் கட்டுப்பாட்டாலோ மெட்ஃபார்மின் போன்ற மாத்திரையாலோ சர்க்கரையைச் சீராக வைத்திருப்பவர், வேறு பெரிய கோளாறு இல்லாதவர், மருத்துவ ஆலோசனையோடு பொதுவாக நோன்பு வைக்க முடியும். மெட்ஃபார்மின் தனியாக எடுக்கும்போது சர்க்கரை அபாய அளவுக்கு இறங்குவது அரிது. கிளிபென்கிளமைட், கிளிமிபிரைட் போன்ற மாத்திரைகள் அப்படியல்ல. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அவை இன்சுலினைச் சுரக்க வைக்கும். ஸஹரில் விழுங்கிவிட்டு நாள் முழுவதும் பட்டினி இருந்தால் பிற்பகலில் சர்க்கரை இறங்கலாம். சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் புதிய வகை மாத்திரைகள் உடம்பின் நீரையும் சேர்த்து வெளியேற்றும். ஆகவே தன் மாத்திரை எந்த வகை என்று ஒவ்வொருவரும் டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் காலை மாத்திரையை இஃப்தாருக்கு மாற்றினார் என்பதற்காக நாமும் மாற்றுவது கூடாது.

டைப் 1 நோயாளிகள், நீரிழிவு உள்ள கர்ப்பிணிகள், டயாலிசிஸ் செய்பவர்கள், கடந்த மூன்று மாதங்களில் கடுமையாகச் சர்க்கரை இறங்கியோ ஏறியோ மருத்துவமனையில் இருந்தவர்கள், சர்க்கரை இறங்குவதே தெரியாமல் மயங்கி விழும் தன்மை உள்ளவர்கள், தள்ளாமையோடு நோயும் சேர்ந்த முதியவர்கள் ஆகியோரை மருத்துவ வழிகாட்டிகள் உயர் ஆபத்துப் பிரிவில் வைக்கின்றன. இவர்களுக்கான ஆலோசனை, நோன்பு வைக்க வேண்டாம் என்பதே.

மார்க்கம் இதில் மருத்துவத்துக்கு எதிரே நிற்கவில்லை. நோன்பைக் கடமையாக்கிய அல்பகரா அத்தியாயத்தின் 183 முதல் 185 வரையிலான வசனங்களிலேயே நோயாளிக்கும் பயணிக்கும் உள்ள சலுகை இரண்டு முறை சொல்லப்படுகிறது. அல்லாஹ் சிரமத்தை அல்ல, இலகுவையே நாடுகிறான் என்ற கருத்தும் அங்கேயே வருகிறது. கடமையும் சலுகையும் ஒரே மூச்சில் அருளப்பட்டிருக்க, ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை ஈமானின் பலவீனமாகப் பார்ப்பது எப்படிச் சரியாகும்? உயிருக்கோ உறுப்புக்கோ ஆபத்து என்று உறுதியானால் நோன்பை விடுவது கட்டாயம் என்று ஃபுகஹாக்கள் எழுதியிருக்கிறார்கள்.

ஹனஃபி நூல்களில், நோயைத் தீர்மானிக்கத் தேர்ச்சி பெற்ற முஸ்லிம் மருத்துவரின் சொல் வேண்டும் என்று வரும். இதைப் பிடித்துக்கொண்டு, நம் டாக்டர் முஸ்லிம் அல்லவே என்று தயங்குபவர்கள் உண்டு. நோயாளியின் நோன்பைத் தேவையில்லாமல் முறிக்கச் சொல்லிவிடக் கூடாதே என்ற கவலைதான் அந்த நிபந்தனையின் உயிர். திறமையும் நேர்மையும் உள்ள, நம் நோன்பின் மதிப்பை உணர்ந்த எந்த மருத்துவரின் ஆலோசனையையும் ஏற்கலாம் என்றே இக்கால உலமாக்கள் பலர் கூறுகிறார்கள். இதை நாம் மிம்பரில் சொல்லாவிட்டால் மக்களுக்கு யார் சொல்வார்?

விரலில் ஒரு துளி இரத்தம்

நோன்பு நேரத்தில் சர்க்கரையைச் சோதித்துப் பார்க்கப் பலர் பயப்படுகிறார்கள். இரத்தம் வெளியேறினால் நோன்பு போய்விடும் என்ற எண்ணம் ஊருக்கு ஊர் இருக்கிறது. ஹிஜாமா செய்வதால் நோன்பு முறியுமா என்பதில் மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதும், முறியும் என்பது ஹன்பலி மத்ஹபின் நிலைப்பாடு என்பதும் உண்மையே. நம் பகுதிகளில் பின்பற்றப்படும் ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளில் அதனாலும் முறியாது. விரல் நுனியில் எடுக்கும் ஒரு துளி பற்றி யோசிக்கவே தேவையில்லை. சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1997இல் ஜித்தாவில் கூடியபோது எடுத்த 93ஆவது தீர்மானத்தில், பரிசோதனைக்காக இரத்தம் எடுப்பதும், தோலுக்கடியிலும் தசையிலும் நரம்பிலும் போடும் மருந்து ஊசிகளும் நோன்பை முறிக்காது என்று கூறியிருக்கிறது. ஊட்டச்சத்துக்காக ஏற்றும் திரவங்களை அது விலக்கி வைத்தது. இன்சுலின் தோலுக்கடியில் போடும் மருந்து, உணவல்ல. குளுக்கோஸ் டிரிப் விஷயத்தில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. ஆனால் டிரிப் ஏற்றும் நிலைக்குப் போனவருக்கு நோன்பை விடும் சலுகையே இருக்கும்போது அந்த விவாதத்தில் இறங்க வேண்டியதில்லை.

ஆகவே நோன்பு வைக்கும் நோயாளி வீட்டில் குளுக்கோமீட்டர் இருக்க வேண்டும். ஸஹருக்கு முன், முற்பகலில், லுஹர் நேரத்தில், அஸர் நேரத்தில், இஃப்தாருக்குச் சற்று முன், இஃப்தார் முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து என்று சோதிக்கச் சொல்கிறார்கள். எல்லாருக்கும் இத்தனை முறை தேவைப்படாது. எத்தனை முறை என்பதை டாக்டர் சொல்வார். ஸ்ட்ரிப்பின் விலை சாதாரணக் குடும்பத்துக்குச் சுமைதான். அதற்கு ஜமாஅத் உதவலாம். உடம்பில் எந்த மாற்றம் தெரிந்தாலும் உடனே சோதிக்க வேண்டும் என்பது மட்டும் எல்லாருக்கும் பொது.

மூன்று விஷயங்கள் மனப்பாடமாக இருக்கட்டும். சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால் நோன்பை முறிக்க வேண்டும். 300க்கு மேல் ஏறினாலும் முறிக்க வேண்டும். எண் எதுவாக இருந்தாலும் கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, பார்வை மங்கல், பேச்சில் குழப்பம், காரணமில்லாத எரிச்சல் வந்தாலும் முறிக்க வேண்டும். கடைசியில் சொன்ன எரிச்சலைக் குடும்பத்தார் குறித்துக்கொள்வது நல்லது. நோன்பு வைத்தால் அத்தாவுக்குக் கோபம் வரும் என்று வீட்டில் கிண்டலாகச் சொல்வோம். சில நேரம் அது சர்க்கரை இறங்குவதன் அறிகுறி.

இறங்கிவிட்டால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையையோ குளுக்கோஸையோ தண்ணீரில் கலக்கிக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். இன்னும் 70க்குக் கீழே இருந்தால் மீண்டும் அதே போல் குடிக்க வேண்டும். பிறகு உணவு சாப்பிட வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐ அழைக்க வேண்டும்.

இப்படி முறித்த நோன்புக்குக் கஃப்பாரா கிடையாது. ஒரு நாளுக்கு ஒரு நாள் களா மட்டுமே.

கஞ்சியும் வடையும் ஸஹரும்

நம் தமிழ்நாட்டு நோன்புக் கஞ்சி நல்ல உணவு. அரிசியோடு பாசிப்பருப்பும் வெந்தயமும் இஞ்சி பூண்டும் சேர்கின்றன. சிக்கல் கஞ்சியோடு நிற்பதில்லை. அதன் பக்கத்தில் சமோசா, பருப்பு வடை, பஜ்ஜி, பிறகு ரோஸ்மில்க் அல்லது நன்னாரி சர்பத். மக்ரிப் தொழுதுவிட்டு வந்தால் பரோட்டா. இரண்டு மணி நேரத்தில் சர்க்கரை எங்கே நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ரமளானில் சர்க்கரை கூடிவிட்டது என்று டாக்டரிடம் போகிற பலரைப் பட்டினி கெடுக்கவில்லை, இந்த இரண்டு மணி நேரம்தான் கெடுக்கிறது.

பேரீச்சம்பழம் சுன்னத். நீரிழிவு உள்ளவர் ஒன்றோடு நிறுத்திக்கொண்டு தண்ணீர் குடிக்கலாம். இப்போது கடைகளில் விற்கும் பெரிய மெட்ஜூல் பழம் ஒன்றிலேயே சுமார் 18 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. சிறிய பழமாக எடுப்பது நல்லது. கஞ்சி ஒரு கோப்பை, அதோடு அவித்த சுண்டல், பிறகு தொழுகை, பிறகு காய்கறியும் மீனோ முட்டையோ சேர்ந்த அளவான இரவு உணவு. வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு தண்ணீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த அளவு ரமளான் இரவுகளுக்கும் உரியதே.

ஸஹரை விடுவது இன்னொரு பெரிய தவறு. இரவு பதினொரு மணிக்கு பிரியாணி சாப்பிட்டு, நிய்யத் வைத்துப் படுத்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். நம் ஊரில் நோன்பு நேரம் 13, 14 மணி நேரம். இவர்கள் அதை 19 மணி நேரமாக்கிக்கொள்கிறார்கள். ஸஹரைப் பிற்படுத்துவதும் இஃப்தாரை விரைவுபடுத்துவதும் சுன்னத். இரண்டையும் கடைப்பிடித்தாலே பட்டினி நேரம் தேவைக்கு மேல் நீளாது. ஸஹரில் வெறும் சோறும் ரசமுமாக இல்லாமல், மெதுவாகச் செரிக்கும் சிறுதானியம், பருப்பு, முட்டை, தயிர் என்று இருக்கட்டும்.

20 ரக்அத் தராவீஹ் தொழுபவருக்கு அதுவே ஒரு உடற்பயிற்சி. தனியாக மாலை நடை வேண்டாம், குறிப்பாக இஃப்தாருக்கு முந்தைய நேரத்தில் வேண்டவே வேண்டாம். தராவீஹுக்கு வரும்போது ஒரு தண்ணீர் பாட்டிலும் இரண்டு மிட்டாயும் பையில் இருக்கட்டும்.

களாவா, ஃபித்யாவா

இதிலும் குழப்பம் அதிகம். இப்போது முடியவில்லை, பிறகு முடியும் என்ற நிலையில் இருப்பவர் களா செய்ய வேண்டும். பணம் இருக்கிறது என்பதற்காக ஃபித்யா கொடுத்து முடித்துவிட முடியாது. இனி எப்போதும் முடியாது என்று மருத்துவம் சொல்லும் நிலையில் இருப்பவருக்குத்தான் ஃபித்யா. ஒரு நோன்புக்கு ஓர் ஏழையின் உணவு. ஹனஃபி மத்ஹபில் இது அரை ஸாஃ கோதுமை, ஏறத்தாழ 1.6 கிலோ, அல்லது அதன் கிரயம். ஷாஃபிஈ மத்ஹபில் ஊரின் முக்கிய உணவில் ஒரு முத்து, அதாவது 600 முதல் 750 கிராம் வரை. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈகளும் உள்மாவட்டங்களில் ஹனஃபிகளும் அதிகம் என்பதால், அவரவர் ஊர் ஆலிம்களிடம் அந்தந்த ஆண்டின் தொகையைக் கேட்டுக்கொள்வது நல்லது.

களா நோன்புகளைத் தொடர்ச்சியாக வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 30 நாள் சேர்ந்தாற்போல் முடியாத ஒருவர் வாரத்துக்கு ஒன்று, இரண்டு என்று பிரித்து வைத்தால் உடம்பு தாங்கலாம். டிசம்பரில் வைப்பதால் நம் பகுதியில் பகல் பெரிதாகச் சுருங்கிவிடாது. ஜூன் மாதத்தோடு ஒப்பிட்டால் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். வெயில் குறைவு என்பதே அதில் உள்ள இலாபம்.

பள்ளிவாசல் என்ன செய்யலாம்

ரஜபில் ஒரு ஜும்ஆ பயானை இதற்கு ஒதுக்கலாம். தொழுகை முடிந்ததும் சோதனை முகாம் வைக்கலாம். ஆண்களுக்கு இது எளிது. பெண்களுக்கு அப்படியல்ல. நாள் முழுவதும் அடுப்படியில் நின்று எல்லாருக்கும் இஃப்தார் தயாரித்துவிட்டு, தன் மாத்திரையை மறந்துவிடுபவர்கள் அவர்கள்தாம். ஜும்ஆ முகாம் அவர்களை எட்டாது. நிஸ்வான் மத்ரஸாவிலோ பெண்கள் பயான் நடக்கும் வீட்டிலோ, ஒரு பெண் செவிலியரை வைத்துத் தனியாக நடத்த வேண்டும். முடிவைச் சத்தமாகப் படிக்கக் கூடாது. சர்க்கரை இருப்பது வெளியே தெரிந்தால் மகள் கல்யாணத்துக்கு இடைஞ்சல் என்று மறைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

சோதித்து எண்ணைச் சொல்லி அனுப்பினால் போதாது. கூடுதலாக இருப்பவரை எங்கே அனுப்புவது என்று முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் நீரிழிவு மாத்திரைகள் இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். நம் மஹல்லாவில் அதற்குத் தகுதியுள்ளவர்கள் பலர் பதிவு செய்யாமலே இருக்கிறார்கள். பதிவு செய்து கொடுக்கும் வேலையை ஜமாஅத் இளைஞர்கள் ஒரு நாளில் முடித்துவிடலாம்.

இமாம் அறையில் ஒரு குளுக்கோமீட்டரும், ஸ்ட்ரிப்களும், ஊசி முனைகளைப் போட ஒரு மூடியுள்ள டப்பாவும், சர்க்கரைப் பொட்டலமும் இருப்பது அவசியம். நாம் சில ஆண்டுகளாக வைத்திருக்கிறோம். சென்ற ரமளானில் அஸர் தொழுதுவிட்டு ஒருவர் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. அறைக்குக் கூட்டி வந்து பார்த்தோம், 58. சர்க்கரைத் தண்ணீரைக் கலக்கிக் கொடுத்தால் டம்ளரை வாங்கி வைத்துக்கொண்டு, "ஹஜ்ரத், இன்னும் ஒன்றரை மணி நேரம்தானே" என்றார். மக்ரிப் நெருங்க நெருங்கத்தான் முறிக்க மனம் வராது, அது நமக்கும் புரியும். "பாய், இது ஒரு களா நோன்பு, அவ்வளவுதான். ஷவ்வாலில் ரெண்டு பேரும் சேர்ந்தே ஒரு நாள் வைப்போம்" என்றோம். சிறிது நேரம் நம் முகத்தையே பார்த்தார். பிறகு பிஸ்மில்லாஹ் சொல்லிக் குடித்தார்.